கமராவின் முன் நிற்கும் மணப்பெண்

அண்மைக் காலமாக எமது பிரதேசங்களில் நடைபெறும் திருமணங்களில் ஒரு புதிய சடங்கு சேர்ந்துள்ளது. பொன்னுருக்குக்கும் கன்னிக்காலுக்கும் முன்னதாக, சில வேளைகளில் ஒரு மாதம் முன்னதாகவே நடைபெறும் இச்சடங்குக்கு ஐயர் தேவையில்லை. கமராவும் வாடகை உடையும் ஒரு வாகனமும் இருந்தால் போதும். 'பிரீ சூட்' என்றும் 'அவுட்டோர்' என்றும் இதனைச் சொல்கிறார்கள். மணமக்கள் கடற்கரைக்கோ கோட்டைக்கோ வயல்வெளிக்கோ சென்று, தமக்குப் பிடித்த ஒரு திரைப்படத்தின் கதாநாயகன், கதாநாயகி போல் உடுத்தி, அப்படத்தில் வரும் காட்சிகளைப் போலவே நின்று படமெடுத்துக் கொள்கிறார்கள். 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களாக வெளிவந்த பின்னர் அரச உடையும் நெற்றிச்சுட்டியும் கொண்டையுமாகப் படமெடுப்பது எமது பகுதிகளிலும் பரவியது.

வயதானவர்கள் இதனைப் பணத்திமிர் என்கிறார்கள். இளையவர்கள் ஆசை என்கிறார்கள். பெண்களோடு வேலை செய்யும் ஒருத்தி என்ற வகையில், இந்த இரண்டு சொற்களோடு இவ்விடயத்தை முடித்துவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்குள் ஒரு குடும்பத்தின் பணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. ஒரு தாயின் இழப்புக் கூட இருக்கக்கூடும். 2024 ஆடியில் மட்டக்களப்பில் நடைபெற்ற அவ்வாறான ஒரு படப்பிடிப்பில் நானும் ஒரு நாள் முழுவதும் கூட நின்றேன். அங்கு கண்டவற்றையும் அதன் பின் எழுந்த எண்ணங்களையும் இங்கு பகிர்ந்து கொள்கிறேன்.

சினிமா எப்போது வந்தது?

திருமணப் படத்துக்குள் சினிமா நுழைந்தது இன்று நேற்றல்ல. எமது தாய்மாரின் காலத்தில் தாலி கட்டி முடிந்ததும் சோடியாக ஸ்டூடியோவுக்குப் போவார்கள். வரைந்த திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒன்றிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களே பலரிடம் இருக்கும். பின்னர் வர்ணப் படம் வந்தது. இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளையின் முகம், கீழே கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் பெண் என்ற தந்திரப் படங்கள் வந்தன. வீடியோ வந்தபோது, மணமக்கள் சோறு ஊட்டும் காட்சிக்குப் பின்னால் சினிமாப் பாட்டு ஓடியது. அன்று சினிமா படத்துக்குப் பின்னணியாக இருந்தது. இன்று படத்தின் உள்ளேயே வந்துவிட்டது. மணமக்கள் தாங்களாக நிற்காமல் வேறொருவராக நிற்கிறார்கள். மாற்றம் இதுதான்.

படம் எமக்கு ஆடம்பரம் மட்டும்தானா?

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1965இல் வெளிவந்த புகைப்படம் பற்றிய தமது ஆய்வில், திருமணப் படம் என்பது குடும்பத்தின் ஒற்றுமையை ஊருக்கு உறுதிப்படுத்தும் சடங்கின் ஒரு பகுதி என விளக்கினார். பிரான்சின் கிராமத்து விவசாயிகளை வைத்து அவர் சொன்ன இக்கருத்து எமக்கும் பொருந்தும். ஆனால் எமது மண்ணில் அந்தப் படத்துக்கு வேறு பாரங்களும் உண்டு.

வெளிநாட்டு மாப்பிள்ளையைத் திருமணம் செய்த பெண், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இது உண்மையான திருமணம் எனக் காட்ட அல்பத்தையும் கொடுக்கிறாள். யுத்தத்தில் கணவனைத் தேடும் பெண் கையில் ஏந்துவதும் படத்தைத்தான். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவ்வாறான போராட்டங்களில் பெண்கள் பிடித்திருந்த சில படங்களை நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். கழுத்தருகே மாலையின் ஓரம் தெரியும். தோளில் இன்னொருவரின் பட்டுச் சேலையின் கரை தெரியும். அது கலியாணப் படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்த முகம். வேறு நல்ல படம் வீட்டில் இருந்திருக்காது.

இடப்பெயர்வுகளில் அல்பத்தை விட்டுவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மிச்சமிருந்தவற்றையும் கொண்டு போனது. ஆகவே எமது தாய்மார் 'என்ட புள்ளைக்கு வடிவான படம் வேணும்' என்று சொல்லும்போது அதனை வெறும் வீண்பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் கூடப்போன படப்பிடிப்பின் மணப்பெண்ணுடைய தாயும் அவ்வாறான ஒருவரே. முன்பு நாவலடியில் இருந்த குடும்பம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டவர்கள். எமது மகளிர் குழுவில் அவர் ஓர் அங்கத்தவர். மகளின் 'அவுட்டோர்' பற்றிப் பேச வந்தபோது அவர் சொன்னது இது.

"என்ட கலியாணப் படம் ஒண்டும் இல்ல மிஸ். கடல் கொண்டு போயிற்று. செங்கலடியில தம்பிர வீட்டில ஒண்டு கிடந்த. அதுவும் ஈரம் பட்டு, என்ட முகத்தில புள்ளி புள்ளியாப் போயிற்று. இவளுக்கெண்டாலும் இருக்கட்டுமே."

யார் விரும்பிய படம்?

'பொன்னியின் செல்வன்' போல எடுக்க வேண்டும் என்பது முதலில் மணமக்களின் விருப்பமாக இருக்கவில்லை. சுவிசில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்கா வட்ஸ்அப்பில் மாதிரிப் படங்களை அனுப்பியிருந்தார். அரண்மனைத் தூண்கள், குதிரை, கை நிறைய வளையல்கள். ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தபோது ட்ரோன், உடை, நகை, அலங்காரம், வாகனம், பெரிய அல்பம் எல்லாவற்றுக்குமாக 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா கேட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா பாதி தருவதாகச் சொன்னார். மீதிப் பாதி பெண் வீட்டார் பொறுப்பு. அந்த மீதிக்காகவே தாய் வாரக் கடன் எடுக்க யோசித்துக் கொண்டிருந்தார்.

இவ்வேளையில்தான் எமக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினோம். அவர் பெண் படப்பிடிப்பாளர். எமது ஸ்டூடியோக்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் பின்னறையில் கணனிக்கு முன்னால் இருந்து அல்பம் வடிவமைப்பார்கள். கமராவோடு வெளியே போவது ஆண்களின் வேலை. இத்தங்கச்சியும் அவ்வாறு நான்கு ஆண்டுகள் பின்னறையில் இருந்தவர்தான். பெண் உடுத்தும் அறைக்குள் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் எனச் சில வீடுகளில் கேட்டதால் கமரா அவருடைய கைக்கு வந்தது. இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறார்.

அவர் முதலில் விலை பேசவில்லை. மணப்பெண்ணைத் தனியாக இருத்தி, "அந்தப் படத்தில உங்களுக்கு யாரப் புடிக்கும்?" என்று கேட்டார். நந்தினி, குந்தவை என்று ஏதாவது ஒரு பெயர் வரும் என நான் நினைத்தேன். பெண் சற்று யோசித்துவிட்டு, "பூங்குழலி" என்றார். "அவதானே தோணி வலிக்கிற. எனக்கும் வலிக்கத் தெரியும்."

கல்கி 1950களில் தொடராக எழுதிய அக்கதையில் கோடிக்கரையில் இருந்து வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் படகு செலுத்துபவள் பூங்குழலி. அரண்மனையும் குதிரையும் அவளுக்குத் தேவையில்லை. தண்ணீரும் ஒரு தோணியும் போதும். வாவியில் மீன்பிடிக்கும் தகப்பனிடம் தோணி இருந்தது. வாடகைச் செலவின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லோடு குறைந்து போயிற்று. உடைக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை வாங்கினார்கள். திருமணத்துக்குப் பிறகும் அதனை உடுத்தலாம். நகை கவரிங். மொத்தச் செலவு 70 ஆயிரம் ரூபாவுக்குள் அடங்கியது.

ஒரு நாள் வேலை

ஆடி மாதத்தில் எமது பகுதியில் கலியாணம் வைப்பதில்லை. எனவே படப்பிடிப்பாளர்களுக்கு அது வேலை குறைந்த காலம், கூலியும் சற்றுக் குறையும். ஆடியில் சோடியாக வெளியே போவதா என அம்மம்மா முறையான ஒருவர் முணுமுணுத்தார். எழுத்து ஏற்கெனவே முடிந்திருந்தபடியால் பெரிதாக எதிர்க்கவில்லை.

கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலம். கடல் கிழக்கே. வாவி மேற்கே. காலையில் சூரியன் கடலில் இருந்து எழும். மாலையில் வாவியின் பக்கம் இறங்கும். ஆகவே விடியற்காலையில் கடற்கரையிலும் பின்னேரம் வாவியிலும் எடுப்பது என்று தங்கச்சி திட்டமிட்டிருந்தார். தூர இடத்துக்கு வாகனம் பிடிக்கும் செலவு இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அவர் கமராவைத் தொடவே இல்லை. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும் என்றும், கவரிங் நகை கண்ணைக் குத்தும் என்றும், அந்த நேரம் சாப்பிட்டு நித்திரை கொள்வதே நல்லது என்றும் சொன்னார். ரெஜிபோம் பலகையில் வெள்ளித்தாள் ஒட்டிச் செய்த ஒளித்தட்டைப் பிடிப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. சூரியனைத் தட்டில் வாங்கி முகத்தின் நிழல் பக்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கை வலிக்கும் வேலை.

கடற்கரையில் நின்றபோது, ஆழிப்பேரலையில் இறந்தோரின் நினைவுத்தூண் இருக்கும் பக்கத்தைச் சுட்டி, "அந்தப் பக்கம் கமராவத் திருப்பாதீங்க அக்கா. எங்கட அம்மம்மாட பேரும் இருக்கு" என்று மணப்பெண் சொன்னார். தங்கச்சி மறுபேச்சில்லாமல் திரும்பி நின்றார். அழகான இடம் என்று வெளியூரார் தெரிவு செய்யும் எத்தனையோ கரைகள் எமக்கு வேறு விதமாகவும் தெரியும் என்பதை அந்தக் கணம் எனக்கு உணர்த்தியது.

பின்னேரம் கச்சான் காற்று எழும்பியது. சினிமாவில் பெரிய விசிறி வைத்து முந்தானையைப் பறக்க விடுவார்கள். இங்கே காற்று சும்மா கிடைத்தது. பெண்ணைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கச் சொன்னதும் முடியும் முந்தானையும் தாமாகவே பின்னால் போயின. தங்கச்சி முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தார்.

உயரத்தில் யார், பணிவில் யார்?

அப்போது மாப்பிள்ளையின் அக்கா அனுப்பியிருந்த மாதிரிப் படம் ஒன்றை மாப்பிள்ளையின் நண்பர் நினைவுபடுத்தினார். நனைந்த சேலையோடு பெண்ணை மாப்பிள்ளை இரண்டு கைகளிலும் தூக்கி வைத்திருக்கும் படம். பெண் தலை குனிந்து, "எனக்கு அது ஏலா அக்கா" என்றார்.

"ஏலாட்டி வேணாம் தங்கச்சி. நீங்க மனசாலச் சிரிக்காட்டி எனக்கு ஒரு படமும் வராது" என்று படப்பிடிப்பாளர் அத்தோடு அதனை விட்டுவிட்டார். கரையில் நின்ற மாப்பிள்ளை மெதுவாக, "எனக்கும் வெக்கமாத்தான் இருந்த" என்றார். அவருக்கும் அது விருப்பமில்லை என்பதை அதுவரை யாருமே கேட்கவில்லை.

அமெரிக்க சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1979இல் நூலாக வெளிவந்த தமது ஆய்வில் விளம்பரப் படங்களில் ஆணும் பெண்ணும் நிற்கும் விதத்தை ஆராய்ந்தார். ஆண் உயரமாக நிற்பான். பெண் சாய்ந்திருப்பாள், படுத்திருப்பாள், தலையைச் சரித்திருப்பாள். ஆணின் கை ஒரு பொருளை இறுகப் பிடித்திருக்கும். பெண்ணின் விரல் அதனை மெல்லத் தடவிக் கொண்டிருக்கும். இவை தற்செயலானவை அல்ல, யார் மேல், யார் கீழ் என்பதைச் சொல்லாமல் சொல்பவை என்று அவர் காட்டினார். எமது கலியாண அல்பங்களை இக்கண்ணோடு ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். தூக்கப்படுபவள் யார்? கண்ணை மூடியிருப்பவள் யார்? தூரத்தை நோக்குபவன் யார்? சினிமாவில் நடிகைக்கு இது சம்பளத்துக்கான வேலை. எமது பிள்ளைக்கோ இது தன் வாழ்க்கையின் தொடக்கமாகச் சுவரில் தொங்கப்போகும் படம்.

அன்று மாலை எடுத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த படத்தில் பெண் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளுகிறார். மாப்பிள்ளை முன்னால் இருந்து திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்குத் தோணியில் சரியாக இருக்கத் தெரியாது. இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்திருக்கிறார். அதனால் அச்சிரிப்பு உண்மையானது.

அல்பத்துக்குப் படம் தெரியும் நாளில் இப்படம் பிரச்சினையாயிற்று. "பொம்புள தோணி வலிக்க, மாப்பிள்ள சும்மா இருக்கிறதா? பார்க்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்று மாப்பிள்ளையின் மாமி கேட்டார்.

"அவள்ற அப்பா காய்ச்சலாக் கிடந்த நேரம் அவள்தானே தோணி கொண்டு போனவள்? அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லியே" என்றார் தாய்.

நீண்ட பேச்சுக்குப் பின்னர், சுவிசுக்குப் போகும் அல்பத்தில் அப்படம் சேர்க்கப்படவில்லை. ஆனால் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுப் பெண்ணின் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார்கள். எமது வழக்கப்படி அது மகளுக்குக் கொடுக்கப்பட்ட வீடு. மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார். இதனைப் பெரிய வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பாதி விட்டுக்கொடுத்துப் பாதி பெற்றுக்கொண்டார்கள். எமது குடும்பங்களுக்குள் மாற்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

ஒரு நாள் படமும் ஓராண்டுக் கடனும்

வாரக் கடனின் பாரத்தை எமது பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் கடனில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களும் தலைகுனிய வேண்டும். இப்பிரச்சினை முற்றியதனாலேயே 2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்காக இருந்தனர். விவசாயத்துக்கும் கோழி வளர்ப்புக்கும் எடுத்த கடனே கழுத்தை நெரித்திருக்க, வருமானம் எதனையும் தராத படத்துக்காகக் கடன் எடுப்பதை என்னவென்று சொல்வது? அல்பம் கைக்கு வர மாதங்கள் செல்லும். தவணைக்காரர் அடுத்த கிழமையே வாசலில் நிற்பார்.

இக்குடும்பம் அக்கடனை எடுக்கவில்லை. தாயின் சீட்டுக் காசும், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளின் சேமிப்பும், மாப்பிள்ளை வீட்டாரின் பங்கும் போதுமாயின. செலவு குறைந்ததற்குக் காரணம் சிக்கனம் பற்றி யாரும் உபதேசம் செய்தது அல்ல. 'உனக்கு என்ன விருப்பம்?' என்று மணப்பெண்ணிடம் ஒருவர் கேட்டதே காரணம். மற்றவர்களின் ஆசைகள்தான் பெரும்பாலும் விலை கூடியவை.

படம் யாருடையது?

இன்னொரு விடயம் பற்றியும் கட்டாயம் பேச வேண்டும். எம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணின் திருமணம், 'பிரீ சூட்' முடிந்து நாள் வைத்த பின்னர் நின்று போயிற்று. ஆனால் படங்களை ஸ்டூடியோ தன் முகநூல் பக்கத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டது. நீக்கும்படி கேட்டபோது, எடுத்தவர் தாமே என்று அவர்கள் இழுத்தடித்தார்கள். பின்னர் வந்த ஒவ்வொரு சம்பந்தத்திலும் அப்படங்கள் முன்னால் வந்து நின்றன. அந்த ஆணிடம் எவரும் இதுபற்றிக் கேட்கவில்லை. எனவே படமெடுக்க முன்னரே பின்வரும் விடயங்களைப் பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்வது நல்லது.

• முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது, எத்தனை படங்கள், அல்பம் எந்தத் திகதிக்குள் கிடைக்கும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

• மணப்பெண்ணின் சம்மதமின்றி எந்தப் படத்தையும் இணையத்திலோ கடையின் முகப்பிலோ போடக்கூடாது. ஒருமுறை சம்மதித்தாலும் பின்னர் நீக்கும்படி கேட்டால் நீக்க வேண்டும்.

• எவ்வாறான நிலைகளில் படமெடுப்பது என்பதை முதலே பெண்ணிடம் காட்டிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றதைப் படப்பிடிப்பு இடத்தில் வைத்து வற்புறுத்தக்கூடாது. உடை மாற்றப் பாதுகாப்பான இடமும், கூட ஒரு பெண்ணும் இருக்க வேண்டும்.

• ட்ரோன் பறக்க விடுவதென்றால் அது சிவில் விமான அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்டதா என்றும், கோட்டை போன்ற புராதன இடங்களுக்கு முன்அனுமதி பெறப்பட்டதா என்றும் கேளுங்கள்.

• படங்களைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். முக்கியமானவற்றைக் கடதாசியில் அச்சிட்டு இரண்டு வெவ்வேறு ஊர்களில், இரண்டு வீடுகளில் வையுங்கள். ஏன் என்பதை எமது தாய்மார் அறிவார்கள்.

• படங்களை வைத்து எவராவது மிரட்டினாலோ தொல்லை கொடுத்தாலோ தனியே தாங்கிக் கொண்டிருக்க வேண்டாம். மகளிர் உதவி இலக்கமான 1938ஐ அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும் முறையிடலாம்.

தோழிகளே, இளம் பிள்ளைகள் சினிமாவைப் பார்த்து ஆசைப்படுவதை நாம் தடுக்க முடியாது. தடுக்கவும் தேவையில்லை. எமது காலத்திலும் நாம் ஆசைப்பட்டோம். ஆனால் ஆயிரம் பேர் கண்ட ஒரு கதையில் இருந்து எந்தப் பாத்திரத்தை எடுப்பது, எந்தக் காட்சியை விடுவது என்ற தெரிவு மணப்பெண்ணுடையதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அடுத்த கலியாணப் பேச்சு வரும்போது, ஸ்டூடியோவில் விலை கேட்க முன்னர் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அவளுக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவள் பதில் சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.